நான் கழற்றிய காரை யார் பூட்டியது?

கல்யாணமான நாளிலிருந்து சூசைமேரியிடம் நான் பொய் சொன்னதில்லை. நல்லவன் என்பதால் அல்ல, மாட்டிக்கொள்வேன் என்பதால். அப்பேர்ப்பட்ட நான், போன வருசம் சாம்பல் புதன் அன்று, நெற்றியில் சாம்பலோடு உட்கார்ந்து, அவளை ஏமாற்றியே தீருவது என்று முடிவெடுத்தேன். எல்லாம் ஒரு காருக்காக.

சாதாரணக் கார் இல்லை ஐயா. இரண்டே கதவு. தரையோடு தரையாகக் கிடக்கும். அதில் ஏற முடியாது, இறங்கத்தான் முடியும். மூணாறுப் பக்கம் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை ஆசை ஆசையாக ஓட்டியது. துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை, நம்ம ஆள்தான். தோட்டத்தில் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். அவர் செத்துப்போன பிறகு பிள்ளைகள் விற்றார்கள், நான் வாங்கினேன். கோட்டையூரில் எங்கள் வீட்டை ஒட்டிய ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தினேன். அதற்குப் பிறகு அது நின்றுகொண்டேதான் இருந்தது.

நான் சும்மா இருப்பேனா? கல்லூரியில் வேதியியல் லேப் அசிஸ்டென்ட். எதையாவது எதிலாவது கலக்கிப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. காரை மாடிஃபை பண்ணினேன். பின்னால் ஒரு றெக்கை வைத்தேன். தெருவே அதிர ஒரு சைலன்சர் வைத்தேன். மரத்தில் செய்த பழைய ஸ்டீயரிங்கைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, சின்னதாக ரேஸ் ஸ்டீயரிங் மாட்டினேன். அதோடு வண்டி ஸ்டார்ட் ஆவதையே விட்டுவிட்டது. செக்காலையில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் மச்சினன் தேவா வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "மச்சான், இது ஓடவும் ஓடாது, முட்டையும் போடாது போலயே," என்றான். அன்றிலிருந்து அவனை ஷெட்டுக்குள் விடுவதில்லை.

சூசைமேரிக்கு அந்த ஷெட்டின் மேல் கண்.

"ஏங்க, ஷெட்ட எனக்குக் குடுத்துருங்க. என்கிட்ட ஆரித் தையல் படிக்கணும்னு புள்ளைக வந்து வந்து கேக்குறாக. உக்கார வைக்க இடமில்ல."

"காரை எங்க வைக்கிறது?"

"உங்க தலையில வைங்க."

"சூசை, அது கலைப்பொருள்."

"அதுல எலி குட்டி போட்டிருக்கு. ஈஸ்டருக்குள்ள வித்துருங்க. முழுசா விக்க மனசு வரலைன்னா கழட்டிப் பார்ட் பார்ட்டா வித்துருங்க. இல்லைன்னா பழைய இரும்புக்காரரை நானே கூப்பிட்டுருவேன்."

பார்ட் பார்ட்டாக! அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீடு பூட்டிக் கிடக்கிறது. வீட்டுக்காரர்கள் சிங்கப்பூரில். சாவி கருத்தையாவிடம், அவர்தான் காவல். எனக்கு நல்ல பழக்கம். அந்த வீட்டின் பின்கட்டுக் கூடத்தில் நாலு லாரி நிறுத்தலாம். ஒவ்வொரு பார்ட்டாக 'விற்றுவிட்டேன்' என்று சொல்லி அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, நான் ஓய்வு பெற்றதும் சாவகாசமாகப் பூட்டிக்கொண்டால் யார் கேட்பது? விற்ற காசு என்று காட்ட, காருக்காக நான் ரகசியமாகக் கட்டி எடுத்த சீட்டுப் பணம் இருந்தது. என்னைப் போல ஒரு மூளைக்காரன் சிவகங்கை மாவட்டத்திலேயே இல்லை என்று அன்று நம்பினேன்.

முதலில் பாடியும் எஞ்சினும் குட்டியானை லோடு வண்டியில் போயின. "மதுரைப் பார்ட்டி," என்றேன். அடுத்தது உட்காரும் சீட்டு இரண்டும்.

"சீட்ட யாரு வாங்குனாக?"

"கோயம்புத்தூர்ல ஒரு பல் டாக்டர்."

"பல் டாக்டருக்கு எதுக்குங்க கார் சீட்டு?"

"அவருகிட்டயும் இதே மாதிரி கார் இருக்கு."

"பாவம், அவரு பொண்டாட்டி."

பணத்தைக் கொடுத்தேன். எண்ணிக்கூடப் பார்க்காமல் வாங்கி வைத்துக்கொண்டாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சீட்டுகளைக் கூடத்தில் ஒரு தூணோரம் சாய்த்து வைத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம், இரண்டு கதவுகளையும் என் டிவிஎஸ் வண்டியில் கட்டிக்கொண்டு, தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குப் பறக்கப் போகிறவன் மாதிரி தெரிய, கானாடுகாத்தான் போய்ச் சேர்ந்தேன். நல்ல வெயில். ஆனால் அந்தப் பின்கட்டுக்குள் வெயில் வராது. மேலே ஒரு சின்னக் கண்ணாடி வழியாகப் பச்சையாக ஒரு வெளிச்சம் விழும், அவ்வளவுதான். சுவர் முழுக்க அந்த வீட்டில் செத்துப்போனவர்களின் படங்கள். எங்கே நின்றாலும் நம்மையே பார்ப்பார்கள். நடந்தால், நாம் நின்ற பிறகும் ஒரு காலடி கூடுதலாகக் கேட்கும்.

தூணோரம் சீட்டைக் காணோம்.

பாடி மேல் போட்ட துணியை விலக்கினேன். சீட்டு இரண்டும் உள்ளே இருந்தன. மாட்டியிருந்தது. போல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன், இரும்பாக இறுகியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஒரு நாளும் அவ்வளவு நன்றாக முடுக்கியதில்லை.

"கருத்தையா! உள்ள யாரு வந்தா?"

"யாரும் வரலையே சார். சாவி என் இடுப்புலதான இருக்கு."

"சீட்டு மாட்டியிருக்கு."

"நீங்கதான் மாட்டியிருப்பீக."

"நான் மாட்டல."

கருத்தையா காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சார், இது யாரு ஓட்டுன வண்டி?"

"மூணாறுல ஒரு துரை."

"இப்ப எங்க இருக்காரு?"

"செத்துப் போயிட்டாரு."

"அப்புறம் என்னையக் கேக்குறீக?"

கதவுகளை வைத்த இடம்கூட நினைவில்லை. வெளியே வந்துதான் மூச்சு விட்டேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். சூசைமேரி குழம்பை ஊற்றிக்கொண்டே, ஏதோ பக்கத்து வீட்டுச் சேதி கேட்பது போலக் கேட்டாள்.

"ஏங்க, அந்தக் கார வச்சிருந்தவரு எப்படிச் செத்தாராம்?"

"எ... எதுக்கு இப்ப அது?"

"சும்மாதான். ஒரு பொருள் மேல ரொம்ப ஆசை வச்சவுக அத விட்டுட்டுப் போக மாட்டாகளாம். நீங்க வேற பார்ட் பார்ட்டாக் கழட்டி விக்கிறீக. சீட்டு கோயம்புத்தூர்ல, கதவு திருச்சியில... பாவம், அந்த ஆத்துமா எங்கன்னு போய்த் தேடும்?"

அன்றைக்கு நான் விளக்கை அணைக்காமல் படுத்தேன். கரண்ட் பில்லைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவும் பயமாகத்தான் இருந்தது.

போகாமலும் இருக்க முடியவில்லை. ஹெட்லைட்டை எடுத்துக்கொண்டு போனேன். கதவு இரண்டும் மாட்டியிருந்தது. அது பரவாயில்லை. நான் வைத்த றெக்கையைக் கழற்றி, கூடத்தின் மூலையில் கிடத்தி, வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தது. பக்கத்திலேயே என் சைலன்சர், அதற்கும் ஒரு துணி. அவ்வளவு மரியாதையாக எதையும் யாரும் ஒதுக்கி நான் பார்த்ததில்லை. துரைக்கு என் மாடிஃபிகேஷன் பிடிக்கவில்லை!

மெல்லக் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தேன். மர ஸ்டீயரிங் மாட்டியிருந்தது. என் வீட்டுப் பரணில், சாக்கில் சுற்றி வைத்திருந்த ஸ்டீயரிங். அதை நான் இங்கே கொண்டுவரவே இல்லை.

கோட்டையூர் வரைக்கும் டிவிஎஸ் வண்டியை முறுக்கிக்கொண்டு வந்து பரணில் ஏறினேன். சாக்கு மட்டும் கிடந்தது. சாக்குக்குள் ஒன்றுமில்லை.

"சூசை, இங்குட்டு ஒரு மர ஸ்டீயரிங் இருந்துச்சே?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? யாராச்சும் பல் டாக்டருக்கு வித்திருப்பீக."

என்ன சொல்வது? விற்கவில்லை என்றால், மற்றதெல்லாம் விற்றது நிஜமா என்று கேட்பாள். விற்றேன் என்றால், அது எப்படிக் கானாடுகாத்தானுக்கு நடந்து போனது? ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே பரணிலிருந்து இறங்கினேன். கடைசிப் படியைத் தவறவிட்டேன்.

அப்புறம்தான் கோயிலில் தீர்த்தம் வாங்கினேன். ஒரு தண்ணீர் பாட்டில் நிறைய. கழுத்தில் ஜெபமாலை போட்டுக்கொண்டு போய், காரின் நாலு பக்கமும் தெளித்து, "துரை ஐயா, நான் ஆசையில வாங்கிட்டேன், மன்னிச்சுருங்க," என்று வாய்விட்டே சொல்லி, மிச்சத் தீர்த்தத்தைப் பாட்டிலோடு டேஷ்போர்டில் வைத்துவிட்டு வந்தேன். புனித வியாழனன்று, தீர்த்தம் வேலை செய்ததா என்று பார்க்கப் போனேன்.

கார் முழுசாக நின்றது. ஹெட்லைட் மாட்டியிருந்தது. துடைத்துப் பளபளவென்று, துரை கையில் இருந்தபோது எப்படி இருந்திருக்குமோ அப்படி. அழகாக இருந்தது. அதுதான் இன்னும் பயம். பானெட்டின் மேல் கை வைத்தேன். சுட்டது. எஞ்சின் இப்போதுதான் ஓடி நின்றிருக்கிறது.

கதவைத் திறந்து உள்ளே இறங்கினேன். என் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. டிரைவர் சீட்டை யாரோ முன்னால் இழுத்துப் போட்டிருந்தார்கள். பின்னால் பார்க்கிற கண்ணாடியும் கீழே சாய்ந்திருந்தது. ஓட்டியவர் குள்ளம். துரை குள்ளம் என்று அவர் பிள்ளைகள் சொன்ன ஞாபகம். சொன்னார்களா? சொல்லியிருப்பார்கள். டேஷ்போர்டில் தீர்த்த பாட்டில் காலியாக இருந்தது. கை எதிலோ பட்டது. சர்ரென்று கண்ணாடி முழுக்கத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. வைப்பர் மட்டும் தானாக அங்குட்டும் இங்குட்டும் ஆடியது. சுவரில் இருந்த செத்துப்போனவர்கள் எல்லாரும் ஈரத்துக்குள் நெளிந்தார்கள்.

நான் எப்படி வெளியே வந்தேன் என்று கேட்காதீர்கள். என் ஒற்றைச் செருப்பு இன்னும் அந்தக் கூடத்தில்தான் கிடக்கிறது.

அன்று சாயங்காலமே சூசைமேரியிடம் ஆரம்பித்தேன்.

"சூசை, கார் விசயமா ஒரு சின்னச் சிக்கல். பார்ட் வாங்குனவுக எல்லாரும் ஒண்ணு சேர்ந்து, அத மறுபடி வண்டியாவே பூட்டிட்டாக."

"பல் டாக்டருமா?"

"அவருந்தான்."

"அடேயப்பா!"

"இப்ப அவுகளுக்கு அது வேண்டாமாம். யாருக்காச்சும் குடுத்துரச் சொல்றாக. சும்மாகூடக் குடுத்துரலாம்."

அவள் யோசித்தாள். "எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா இருக்காக. இந்த மாதிரி வண்டின்னா அவுகளுக்கு உசுரு. பேய் பிசாசுக்கெல்லாம் பயப்படவும் மாட்டாக."

"நான் பேய்னு சொல்லவே இல்லையே?"

"நானும் உங்க கார்ல இருக்குன்னு சொல்லலையே."

விற்பனைத் தாளை அவளே வாங்கி வந்தாள். விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். வாங்குகிறவர் பேரைப் படிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. பிறகு ஷெட்டில் போய் நின்றேன். எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. பயம் போன இடத்தில் துக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

ஈஸ்டர் காலைப் பூசை முடிந்து வெளியே வந்தேன். சூசைமேரியைக் காணோம், பூசை முடியுமுன்பே எழுந்து போயிருந்தாள். வாசலில் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. நடுவே அந்தக் கார் வந்துகொண்டிருந்தது. என்னிடம் ஒரு நாளும் வராத அந்த அடக்கமான உறுமலோடு, மெதுவாக, நேராக என்னை நோக்கி. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் தலையே தெரியவில்லை. உயிர்ப்பு ஞாயிறு அன்று துரையும் கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன்.

என் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. உள்ளே, நின்றால் என் தோளுக்கு எட்டாத சூசைமேரி, தலையணை போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"சூசை! இறங்கு! அதுல துரை இருக்காரு!"

"துரை இல்லீங்க. துரைச்சாணி."

அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக விளங்கியது. குட்டியானை ஓட்டியவன் தேவாவின் ஒர்க் ஷாப்பில் உட்கார்ந்து டீ குடிக்கிறவன், அன்றைக்கே சொல்லிவிட்டான். கருத்தையாவின் மகளுக்கு ஆரி வகுப்பு இலவசம். நான் கல்லூரிக்குப் போனதும் தேவா கானாடுகாத்தான் போய், எஞ்சினையும் சரிபண்ணிப் பூட்டினான், அவள் செக்காலையில் கார் ஓட்டப் படித்துவிட்டு, பிறகு அந்தக் கூடத்திலேயே ஸ்டார்ட் பண்ணிப் பழகினாள். எல்லாச் செலவுக்கும் நான் கொடுத்த பல் டாக்டர் பணம்.

"தீர்த்தத்தை என்னடி பண்ணுனீக?"

"தண்ணின்னு நெனச்சு தேவா வைப்பர் டப்பாவுல ஊத்திட்டான். நீங்க எழுதியா வச்சிருந்தீக?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

அவள் முகத்திலிருந்த சிரிப்பு போனது. "கேட்டேனே. வண்டி வந்த அன்னைக்கே, ஒரே ஒரு தடவ உக்காந்து பாக்கவான்னு கேட்டேன். சேலை ஜரிகை சீட்டைக் கிழிச்சிரும்னு சொன்னீக."

எனக்கு அது ஞாபகமே இல்லை. அவளுக்கு இருந்திருக்கிறது. அவள் கியரைப் போட்டு, ஒரு உலுக்கல் இல்லாமல் கிளம்பிப் போனாள்.

தெரு முனை வரைக்கும் போய் நின்றது. பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. ரிவர்ஸில் மெதுவாக என்னிடமே வந்தது. எவ்வளவு ஏமாற்றினாலும் கட்டினவள் கட்டினவள்தானே! பக்கத்து சீட்டு வேறு காலியாக இருந்தது. வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஓடினேன்.

"ஏங்க."

"இந்தா வந்துட்டேன், சூசை!"

"மறந்துட்டேன், வரும்போது மீன் வாங்கிட்டு டவுன் பஸ்ஸுல வந்துருங்க. கார்ல வச்சா வாடை போகாது."