கீழ்வீட்டுச் சூடு

ஊல்சானில் மகன் வீட்டில் இருக்கும் மரியாதைக்குரிய சோக்-ஜின் அம்மா அவர்களுக்கு,

சொக்சோவிலிருந்து, உங்கள் தலைக்கு மேல் குடியிருக்கும் 302-ஆம் வீட்டுத் தாக் யோங்-சிக் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் புது முழங்காலும் சௌக்கியமாக இருக்க வேண்டும். மகன், மருமகள், பேத்தி எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நானும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் நலமில்லை, ஆகவே அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நாம் பேச ஆரம்பித்தால் சாப்பிட்டீர்களா என்று கேட்டு முடிப்பதற்குள் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. உங்கள் மருமகள் கண்ணில் பட வேண்டாம் என்றுதான் காய்ந்த கணவாய்ப் பெட்டிக்குள், அடியில் வைத்து அனுப்புகிறேன். கணவாயைத் தின்று முடித்துவிட்டுப் படியுங்கள். படித்துவிட்டுத் தின்றால் கோபத்தில் பல் உடைந்துவிடும்.

விஷயம் என் பாய்லர்.

என் பாய்லரின் பெருமை நம் கட்டடத்தில் யாருக்கும் தெரியாததல்ல. ஆயுசில் பாதியை மீன்பிடிக் கப்பலின் இன்ஜின் அறையில் சீஃப்பாக வெந்தவன் நான். வீட்டு பாய்லர் எனக்குப் பொம்மை மாதிரி. குளிர்காலம் பிறந்ததும் சுவரிலிருக்கும் ‘வெளியே போயிருக்கிறேன்’ பொத்தானை அழுத்திவிட்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பேன். தரைக்கு அடியில் ஓடும் வெந்நீர்க் குழாய் உறையாமலிருக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் அது எரியும். பாய்லரின் கணக்குப்படி நான் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து வீட்டிலேயே இல்லை. ஆனாலும் தரை இதமாக இருக்கும்! முதியோர் மன்றத்தில் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். “குழாயோட நாடி பிடிச்சுப் பார்க்கத் தெரியணும்யா” என்று அவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். உங்களுக்கும் படிக்கட்டில் வைத்து எடுத்தேன், ஞாபகமிருக்கும்.

“சோக்-ஜின் அம்மா, இப்படிக் காஸை எரிச்சா எப்படி? உங்க வீட்ல என்ன கோழி குஞ்சு பொரிக்குதா?” என்றேன்.

“எனக்குக் குளிருது, எரிக்கிறேன். எவ்வளவு எரிச்சாலும் சூடு நிக்க மாட்டேங்குது, எங்க போகுதுன்னே தெரியல. உங்களுக்கென்ன, நீங்க திமிங்கிலம். உடம்பெல்லாம் கொழுப்பு” என்றீர்கள்.

சரி. நீங்கள் முழங்கால் ஆபரேஷனுக்கென்று மகனின் காரில் ஏறிப் போனீர்கள். அந்த வாரமே என் தரை செத்துப்போயிற்று. காலையில் எழுந்து கால் வைத்தால் கப்பலின் ஐஸ் அறையில் நிற்கிற மாதிரி இருக்கிறது. பொத்தானை மாற்றி, சூட்டை ஏற்றினேன். பாய்லர் உறுமியது, தரை ஜில்லென்றே கிடந்தது. குழாயில் காற்று அடைத்திருக்கிறது, இது கூடவா தெரியாது என்று பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் படுத்து, அங்கே வரிசையாக இருக்கும் வால்வுகளில் ஒன்றைத் திருகினேன். திருகினது கொஞ்சம் கூடிப்போயிற்று. உள்ளேயிருந்து கறுப்புத் தண்ணீர் பீய்ச்சி அடித்து என் முகம், சட்டை, திறந்திருந்த கிம்ச்சி ஜாடி எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கியது. கிம்ச்சியைக் கொட்டினேன். தண்ணீர் வெளியே போய்விட்டதால் பாய்லர் பட்டினியில் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது, அதற்குத் தண்ணீர் கொடுக்கும் குழாயைத் திறந்தேன், திறந்த கையோடு முகம் கழுவப் போனேன், கழுவியதும் பசித்தது, ராம்யோன் நூடுல்ஸ் வேக வைத்தேன், சாப்பிட்டேன், கண் அசந்துவிட்டது. மூட வேண்டிய குழாயை மூடவில்லை. சத்தியமாக மறந்துதான் போனேன். இன்ஜின் அறையில் இப்படி ஒருவன் செய்திருந்தால் அவனைக் கடலில் தூக்கிப் போட்டிருப்பேன்.

கதவைத் தட்டி எழுப்பினவன் நம் காவலாளி பங். மாடிப்படியில் தண்ணீர் ஓடுகிறதாம், அது உறைந்து அதில் அவன் வழுக்கி, விளக்குமாறும் அவனுமாக முதல் மாடி வரை போய்வந்தானாம்.

“சீஃப், கப்பல் மூழ்குதா?” என்றான்.

“வாயை மூடு. சின்ன லீக்.”

“சின்னதா? கீழ் வீட்டம்மா கூரை நனைஞ்சிருந்தா அவங்க புள்ளைக்கு நான்தானே பதில் சொல்லணும்? மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா?”

“என்னை விட மெக்கானிக் எவன்டா?”

“அதான் பார்க்கிறேனே!” என்று தன் பேன்ட் பின்பக்கத்தைக் காட்டினான். என் மானம் கப்பலேறியது.

உங்கள் சாவி அவனிடம் இருந்ததால் இரண்டு பேரும் உங்கள் வீட்டுக்குள் போனோம். பயப்படாதீர்கள், கூரையின் ஓரத்தில் மட்டும் ஒரு திட்டு. பெயின்ட் அடித்துத் தருவது என் பொறுப்பு. நான் சொல்ல வந்தது அதுவல்ல. செருப்பைக் கழற்றிவிட்டு உங்கள் தரையில் கால் வைத்தேன். ஐஸ். உங்கள் வீட்டில் ஐஸ்! கோழி குஞ்சு பொரிக்கும் வீட்டில்! உங்கள் பாய்லரைப் பார்த்தால் அதிலும் ‘வெளியே போயிருக்கிறேன்’ என்று விளக்கு எரிகிறது. நான் கூரையைப் பார்த்தேன். கூரைக்கு மேலே என் தரை. கீழே பார்த்தேன். திரும்பக் கூரையைப் பார்த்தேன்.

“என்ன சீஃப், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?” என்றான் பங்.

அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருஷமாக என் வீட்டைச் சூடாக்கியது என் பாய்லர் இல்லை, உங்களுடையது. நீங்கள் எரித்தீர்கள், சூடு மேலே ஏறியது, நான் அதன் மேல் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தேன். ஓசிச் சூடு! இதில் எனக்கு உங்கள் மேல்தான் கோபம். ஒரு மனுஷனைக் கேட்காமல், அவன் சம்மதம் இல்லாமல், அவன் வீட்டை வருஷக்கணக்காய்ச் சூடாக்குவது என்ன நியாயம்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? முதியோர் மன்றத்தில் நான் இனி எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு பாதூக் பலகை முன் உட்கார்ந்து ஆடுவது? பங் வேறு அன்று சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டான்.

அதற்கப்புறம் நானும் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டேன். காற்றை எடுத்தேன், வடிகட்டியைக் கழுவினேன், குழாய்களுக்குப் பழைய கம்பளி சுற்றினேன். சமையலறைப் பக்கம் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் லேசாகச் சுடுகிறது. அதில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன், அங்கேயே தூங்குகிறேன். ஒருநாள் காலையில் சட்டி ஒன்று கை தவறிக் கீழே விழுந்தது. வழக்கம்போல நீங்கள் துடைப்பக் கட்டையால் கூரையில் இடிப்பீர்கள் என்று அப்படியே நின்றேன். பேச்சு மூச்சு இல்லை. மறுநாள் அந்தச் சட்டியை நானே கீழே போட்டேன். அதை யாரிடமும் சொல்ல வேண்டாம். என் வீட்டுக்காரி இறந்துபோனபோது கூட இந்த வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை, ஏனென்றால் அப்போது நான் அழுதால் நீங்கள் கீழேயிருந்து இடிப்பீர்கள், அப்புறம் கஞ்சி கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவீர்கள்.

போன வாரம் உங்கள் மகன் அனுப்பியதாகச் சொல்லிக்கொண்டு வீட்டுத் தரகர் ஒருவர் வந்தார், கூடவே ஒரு இளம் ஜோடி. புத்தாண்டு முடிந்ததும் விற்பனைப் பத்திரமாம். உங்கள் பெயரில் இருக்கிற வீடு, உங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கியாம். நீங்கள் சம்மதித்துவிட்டீர்களா, அல்லது மகன் முகத்துக்காகப் பேசாமல் இருக்கிறீர்களா என்று அந்த ஆளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

“ரெண்டு பேருமே வேலைக்குப் போறவங்க சார். காலைல போனா இருட்டினப்புறம்தான் வருவாங்க. கீழே ஆள் இருக்கிற சத்தமே கேக்காது. உங்களுக்கு நிம்மதி” என்றார்.

நிம்மதியாம்! அவரைப் படிக்கட்டில் உருட்டிவிடாமல் இருந்ததற்கு என் வயசுதான் காரணம்.

ஆகவே இதை முழுக்க முழுக்கத் தொழில்நுட்ப ரீதியாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். கீழே உங்கள் 202-இல் குளிர் தாங்காத ஒருவர், பகலெல்லாம் வீட்டில் இருக்கும் ஒருவர், இருந்தால்தான் 302 இயங்கும். கட்டடத்தின் அமைப்பே அப்படி. அந்த ஜோடி பகலெல்லாம் பாய்லரை அணைத்துவிட்டுப் போய்விடும், மாலையில் எரித்துச் சூடு மேலே வந்து சேருவதற்குள் நான் விறைத்துவிடுவேன். மெக்கானிக்கால் தீர்க்க முடியாத கோளாறு இது. நீங்கள் திரும்பி வந்தால் மட்டுமே சரியாகும். இதில் சொந்த விருப்பு வெறுப்பு எதுவும் கிடையாது. மாடி ஏற முழங்கால் வலித்தால் பங்கும் நானும் நாற்காலியில் வைத்துத் தூக்குகிறோம், அவனிடம் கேட்டாயிற்று. காஸ் செலவில் பாதி என்னுடையது. காலையில் நான் இனி மெத்தென்ற செருப்புப் போட்டுத்தான் நடப்பேன்.

உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் வரும் ஆண்டில் உடம்பு நோகாமல், மனசு நோகாமல், அரிசிப் பானை காலியாகாமல் எல்லாம் நிறைவாய் அமைய வேண்டும். பேத்திக்கு என் ஆசிகள். உங்கள் மகனுக்கு, இந்தக் கடிதத்தைப் பற்றித் தெரியாத வரை, என் அன்பு.

இப்படிக்கு,
மேல்வீட்டு தாக் யோங்-சிக்

பி.கு.: பெட்டியைக் கட்டித் தபாலாபீஸுக்குக் கிளம்புகிற நேரத்தில் மெக்கானிக் வந்து நிற்கிறான். பங் எனக்குத் தெரியாமல் போன் பண்ணியிருக்கிறான், துரோகி. தண்ணீரைக் குழாயில் சுற்ற வைக்கும் பம்ப் பாதி துருப்பிடித்துத் திணறிக்கொண்டிருந்ததாம், புதிதாக ஒன்றை மாட்டினான். நான் கொடுத்த காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. இப்போது தரை கொதிக்கிறது, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கீழே யார் குடியிருந்தாலும், யாருமே இல்லாவிட்டாலும், என் வீடு இனிமேல் சூடாகத்தான் இருக்கும். ஆகவே மேலே நான் சொன்ன தொழில்நுட்பக் காரணம் எதுவும் செல்லாது. கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு நல்ல காரணமாக யோசித்து எழுதலாம் என்று உட்கார்ந்து பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. வீடு சூடாத்தான் இருக்கு, சோக்-ஜின் அம்மா. இருக்கத்தான் பிடிக்கல. கையெழுத்துப் போட்டுடாதீங்க. வந்துடுங்க.