பெண் பார்க்க வந்தவர்கள் கரடி பார்க்கப் போன கதை

தமிழரிடம் கரடிக் கதை சொல்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது. புலிக் கதை சொன்னால் பயப்படுவார்கள். பாம்புக் கதை சொன்னால் அவர்களும் பதிலுக்கு ஒன்று சொல்வார்கள். கரடி என்று ஆரம்பித்தாலோ, "சும்மா கரடி விடாதே" என்று எழுந்து போய்விடுவார்கள். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வரும் கரடி நிஜக் கரடி. கறுப்பு நிறம், நெஞ்சில் மஞ்சள் பிறை, முழங்கை நீளத்துக்கு ஒரு நாக்கு. (முழங்கை என்பது கொஞ்சம் அதிகம். ஒரு சாண் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருடம். மலாக்காவில் காஜா பெராங்கில், கம்போங் செட்டி என்ற கிராமத்தை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா ஒரு ரப்பர் கடையில் கிராணி, அதாவது கணக்குக் குமாஸ்தா. நான் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. கல்யாணம் ஆகாதவள், இரண்டாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பவள், உலகத்தில் தனக்குத் தெரியாதது அதிகம் இல்லை என்று நினைப்பவள்.

அப்பாவுக்குப் புக்கிட் காதில் பக்கம் காட்டோரமாக ஒரு சின்னத் தோட்டம் இருந்தது. தென்னையும் டுரியானும். காட்டில் கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் இருந்த அவசரகாலத்தில் அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று தடை. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அதைக் கொண்டுபோய் ஒப்படைத்தார்கள். பழுத்த டுரியானைப் பொறுக்க மனிதர் இல்லை. மனிதர் இல்லாத இடத்தில் கரடிகள் வயிறாரச் சாப்பிட்டுக் குட்டி போட்டன. தடை தளர்ந்து நாங்கள் திரும்பிப் போனபோது, தோட்டம் யாருடையது என்பதில் கரடிகளுக்கு எங்களோடு கருத்து வேறுபாடு இருந்தது. தென்னை உச்சியில் ஏறிக் குருத்தைப் பிய்த்துத் தின்றுவிடும். குருத்து போனால் மரம் போயிற்று.

தோட்டக்காரர்கள் கூடிக் கரடி ஒழிப்புக் கமிட்டி ஒன்று அமைத்தார்கள். அப்பா தலைவர். இங்கிலீஷ் தெரிந்தவள் என்று என்னைக் காரியதரிசி ஆக்கினார்கள். அமெரிக்காவில் கறுப்புக் கரடி வேட்டையாடுவதைப் பற்றி ஒரு பழைய சஞ்சிகையில் வந்த கட்டுரையை நான் படித்திருந்தேன். கமிட்டியில் வேறு யாரும் கரடியைப் பற்றி எதுவுமே படித்ததில்லையாதலால் நானே நிபுணர். அமெரிக்கக் கரடியும் நம் ஊர்த் தேன் கரடியும் வேறு வேறு ஜாதி என்பது எனக்குத் தெரியாது. ஒரே கரடி மூன்று தோட்டத்தில் தென்பட்டால் மூன்று கரடி என்று கணக்கு வைத்தோம். அந்தக் கணக்குப்படி மலாக்காவில் மனிதர்களைவிடக் கரடிகள் அதிகமாகிவிடும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கட்டுரையில் இருந்தபடி எங்கள் தோட்டத்தில் கூண்டு வைத்தார்கள். தொடை கனத்தில் மரக்கட்டைகளை அடுக்கி அறைந்த பெரிய பெட்டி. கட்டைகளுக்கிடையே கை நுழைகிற அளவு சந்து. மேலும் பக்கமும் கூரை வேய்கிற அத்தாப்பு ஓலை போட்டு மறைத்திருந்தது. உள்ளே ஒரு கொக்கியில் செம்படாக் பழம், பலாவின் தம்பி, வாசனையில் அண்ணன். கூடவே ஒரு கட்டித் தென்னை வெல்லம். கொக்கியை இழுத்தால் பலகைக் கதவு விழும். விழுந்தால் உள்ளேயிருந்து தூக்க முடியாதபடி ஒரு முளை பூட்டிக்கொள்ளும். கதவோடு கட்டிய கயிறு மரத்தில் தொங்கும் தகரங்களை ஆட்டும். அந்தச் சத்தம் கேட்டால் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவும் பால்மரக்காரர்கள் காஜா பெராங்குக்கு ஆள் அனுப்ப வேண்டும். துப்பாக்கி வரும்வரை யாரும் கூண்டுக்குக் கிட்டே போகக்கூடாது. இந்தக் கடைசி விதி என்னுடையது. நானே ஒரு பலகையில் மூன்று மொழியில் எழுதி மாட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளை சிரம்பானில் காயத்துக்குக் கட்டுப் போடும் ஆஸ்பத்திரி டிரஸர், பெயர் தயாளன். தாயாரும் தாய்மாமனும் கூட வருகிறார்கள். அம்மா முதல் நாளே என் உள்ளங்கைக்கு மருதாணி வைத்து, காலையில் இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல் ஏற்றிவிட்டார். செய்த பலகாரத்தையெல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டினார், விருந்தாளிகளுக்கு முன் யாரும் தொடக்கூடாது என்று. எனக்குப் பசி.

அப்பா காலையிலிருந்து பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். கூண்டில் பழம் மாற்ற வேண்டிய நாள், எறும்பு மொய்த்த பழத்தைக் கரடி தொடாது என்று. (கரடி எறும்பை விரும்பித் தின்னும் என்பதும் எங்களுக்குத் தெரியாது.) அம்மா அவரை வாசல் தாண்ட விடவில்லை. நான் போய் மாற்றிவிட்டு வந்துவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. தலைக்குப் பூ வாங்கி வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அப்பா வாங்கி வைத்திருந்த செம்படாக்கையும் வெல்லத்தையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

தோட்டத்தில் மழை வரும் போலிருந்தது. சைக்கிளைக் கொட்டகைக்குள் தள்ளி வைத்தேன். பழம் மாற்ற இரண்டு பேர் வேண்டும், ஒருவர் கதவுக்கு முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொள்ள. நான் ஒருத்திதான். குனிந்து உள்ளே போனேன். பழைய பழத்தை எறிந்துவிட்டு, புதியதைப் பிளந்து கொக்கியில் கச்சிதமாகவே மாட்டினேன். அதோடு திரும்பியிருக்கலாம். பிளந்த செம்படாக்கை அவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு வெறும் வயிற்றோடு நின்று பாருங்கள், பிறகு என்னைக் குறை சொல்லுங்கள். ஒரே ஒரு சுளை என்று பிய்த்தேன். கொக்கி அசைந்தது. கதவு விழுந்தது. தகரங்கள் அடித்துக்கொண்டன.

அமெரிக்க முறைப்படி செய்த கூண்டு பழுதில்லாமல் வேலை செய்கிறது என்பதை முதலில் அறிந்தவள் நான்.

கூப்பிட்டேன், தகர இரைச்சலில் என் குரல் எடுபடவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் யாரோ பேசிக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது. ஓடுவது என் பக்கமாக இல்லை. என் விதியை மதித்து எல்லாரும் விலகிப் போனார்கள். கதவைத் தோளால் இடித்தேன். கரடிக்கென்று செய்த கதவு அசையவில்லை. பிறகு ஒன்றும் தோன்றாமல் உட்கார்ந்து மீதிச் சுளைகளையும் தின்றேன். செம்படாக் பால் முகத்திலும் முடியிலும் ஒட்டிக்கொண்டது. அதன் மேல் ஓலைத் தூசி வந்து ஒட்டியது.

கொஞ்ச நேரத்தில் வெளியே ஓலை சரசரத்தது. யாரோ வந்துவிட்டார்கள் என்று சந்து வழியாகப் பார்த்தேன். ஒரு கறுப்பு மூக்கு என்னைப் பார்த்தது.

கட்டைகள் கனமானவை, அது உள்ளே வர முடியாது என்பது இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. கரடிகள் கூச்ச சுபாவம் உள்ளவை, உரக்கப் பேசினால் போய்விடும் என்று சஞ்சிகையில் எழுதியிருந்தது. என்ன பேசுவது? கரடியிடம் உரக்கப் பேச ஒரு விஷயமும் அகப்படவில்லை. வாயில் வந்தது பதினாறாம் வாய்ப்பாடு. ஓர் பதினாறு பதினாறு என்று ஆரம்பித்துத் தொண்டை கிழியக் கத்தினேன். கரடி உட்கார்ந்துகொண்டது. என் வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரர்கள் கேட்பதைவிடக் கவனமாகக் கேட்டது. முடிந்ததும் நாக்கைச் சந்துக்குள் நீட்டியது. மடியிலிருந்த வெல்லத்தை உடைத்து ஒரு துண்டு கொடுத்தேன். அதற்கு அது பிடித்திருந்தது. மறுபடி வாய்ப்பாடு, மறுபடி வெல்லம். பதினேழாம் வாய்ப்பாட்டுக்கு வந்தபோது என் குரல் அடியோடு போய், ஏதோ ஒரு உறுமல்தான் மிஞ்சியிருந்தது.

இதே நேரத்தில் வீட்டில் நடந்ததை எனக்குப் பிறகு சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டார் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். பெண் எங்கே என்று தாய்மாமன் கேட்டதற்கு, பூ வாங்கப் போயிருக்கிறாள் என்று அம்மாவும், கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று அப்பாவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அந்தக் குழப்பத்தில்தான், கூண்டு விழுந்துவிட்டது, உள்ளே கத்துகிறது என்று புக்கிட் காதிலிலிருந்து ஆள் வந்து நின்றான். சிவபூஜையில் கரடி நுழைந்த மாதிரி என்பார்களே, எங்கள் வீட்டில் அது அப்படியே நடந்தது. அப்பாவுக்கு அந்த நேரத்தில் அது தெய்வச் செயல். கரடியைப் பார்த்துவிட்டு வரலாம், அதற்குள் பெண் வந்துவிடுவாள் என்று விருந்தாளிகளையே லோரியில் ஏற்றிவிட்டார். மாப்பிள்ளையின் தாயார் டிரைவர் பக்கத்தில். பின்னால் அப்பா, தாய்மாமன், தயாளன், கம்போங் ஆட்கள். கரடியின் பித்தப்பைக்குச் சொல்லி வைத்திருந்த சீன மருந்துக் கடை முதலாளி தவுக்கேயும் ஒரு கண்ணாடி ஜாடியோடு ஏறிக்கொண்டார்.

துப்பாக்கிக்கு, ஒப்படைத்ததைத் திரும்பப் பெற்றிருந்த ஆறுமுகம் மாமா. அவர் கம்போங் செட்டிக்காரர், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழர் வழி. பெயர் ஆறுமுகம், நெற்றியில் திருநீறு, பேச்சு முழுக்க மலாய். தமிழில் அவருக்குச் சாமி பெயர்களும் பலகாரப் பெயர்களும் தெரியும். நல்ல மனிதர். கண் பார்வைதான் அவ்வளவு போதாது.

லோரிச் சத்தம் கேட்டதும் கரடி எழுந்து, அவசரமில்லாமல் காட்டுக்குள் போய்விட்டது. நான் சந்தோஷத்தில் கத்தினேன். வெளியே அது எப்படிக் கேட்டதென்றால், கூட்டம் அப்படியே பின்வாங்கியது. பெரிய ஆண் கரடி என்று யாரோ சொன்னார். நான் இன்னும் பலமாகக் கத்தினேன். கோபமான ஆண் கரடி என்றார்கள். துப்பாக்கிக் குழல் ஓலையை விலக்கிக்கொண்டு சந்துக்கு நேரே வந்து நின்றது.

அதுவரை எல்லாம் சிரிப்பாகச் சொல்லிவிட்டேன். அந்தக் குழலின் வாயை மட்டும் எனக்குச் சிரிப்பாகச் சொல்லத் தெரியவில்லை. சிறிய கறுப்பு வட்டம். இந்த வயதிலும் சில நாள் நினைவுக்கு வரும்.

வேறு வழி தெரியாமல் கையை இன்னொரு சந்து வழியாக வெளியே நீட்டினேன். ஆறுமுகம் மாமாவுக்கு மருதாணிச் சிவப்பு மட்டும் தெரிந்தது. பாதத்தில் ரத்தம், யாரையோ கடித்துவிட்டது என்று மலாயில் சொல்லிக்கொண்டே குறி பார்த்தார்.

அப்போது ஒரு புதுக் குரல், ஆஸ்பத்திரி வார்டில் பேசுவது போல நிதானமாகச் சொன்னது:

"சுடாதீங்க மாமா. கரடி வளையல் போட்டுருக்கு."

நல்ல தமிழ். ஆறுமுகம் மாமாவுக்குத்தான் தமிழ் தெரியாதே. அப்பாதான் பாய்ந்து வந்து, "ஜாங்கான் தெம்பாக்" என்று மலாயில் அலறிக் குழலை மேலே தட்டினார். வெடித்தது. தென்னை ஓலைத் துணுக்குகள் தாய்மாமனின் சில்க் ஜிப்பாவில் பொலபொலவென்று விழுந்தன.

கதவைத் தூக்கினார்கள். கால் மரத்துப் போயிருந்ததால் நான்கு காலில்தான் வெளியே வந்தேன். தவுக்கே ஜாடியை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். தாய்மாமன் ஜிப்பாவைத் தட்டிக்கொண்டே அப்பாவைக் கேட்டார்:

"இதான் பொண்ணா?"

அப்பா வாழ்க்கையில் பொய் சொல்லியிருக்க வேண்டிய ஓர் இடம் அது. அவர், "ஆமாங்க" என்றார்.

கரடி வந்தது, வெல்லம் கொடுத்தேன் என்று மிச்சமிருந்த குரலில் சொல்லிப் பார்த்தேன். பாவம், பயத்தில் ஏதோ சொல்கிறாள் என்றார்கள். தயாளன் மட்டும் கூண்டைச் சுற்றிப் போய், மண்ணில் பதிந்திருந்த கால்தடத்தையும் சந்தில் எச்சில் பட்டு ஈரமாக இருந்த கட்டையையும் பார்த்துவிட்டு வந்தார். உடைந்த வளையல் கீறிய என் கையைப் பிடித்துப் பார்த்து, ஆழமில்லை என்றார். பிறகு, "எத்தன கரடி?" என்று கேட்டார். கமிட்டிக்கு வெளியே அதைக் கேட்ட முதல் மனிதர் அவர்.

"ஒண்ணு," என்றேன். கமிட்டிக் காரியதரிசி அதுவரை கொடுத்ததிலேயே நம்பத் தகுந்த எண்ணிக்கை.

திரும்பும்போது என்னை லோரியின் முன்புறம் அவருடைய தாயாருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அந்த அம்மாள் புக்கிட் பாரு தாண்டும்வரை என் முடியையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, செம்படாக் பாலுக்குச் சோப்பு சரிவராது, தேங்காயெண்ணெய் தடவி ஊற வை என்றார். வீட்டில் அம்மா என்னைப் பார்த்துவிட்டு, பூ எங்கே என்று கேட்டார். அதிர்ச்சியில் அவருக்கு வந்த கேள்வி அதுதான்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து பதில் வர வெகு நாளாயிற்று. இந்த இடம் போனதுதான் என்று அம்மா வேறு ஜாதகங்களைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, வருத்தமாகவும் இருந்தது, அந்த வருத்தத்தை நான் எதிர்பார்க்கவில்லை. கடைசியில் அந்த அம்மாளே நேரில் வந்தார். தலை குனிந்து காப்பி கொடுக்கிற பெண்கள் நிறையப் பேரைப் பார்த்தாயிற்று, ஒருத்தியும் எப்படிப்பட்டவள் என்று தெரியவில்லை, இவள் எப்படிப்பட்டவள் என்று தெளிவாகத் தெரிந்துவிட்டது, இனி புதிதாக அதிர்ச்சி அடைய ஒன்றுமில்லை என்று அம்மாவிடம் சொன்னாராம். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டோம்.

கமிட்டி அதற்குப் பிறகு கூடவில்லை. அப்பா கூண்டில் தேங்காய் மட்டை அடுக்கினார். கரடிகள் மேலும் சில தென்னைகளைத் தின்றுவிட்டு, காடு வெட்ட வெட்ட உள்ளே தள்ளிப் போய்விட்டன. இப்போது அந்தப் பக்கம் வரிசையாக வீடுகள்.

நாங்கள் சிரம்பானில் குடும்பம் நடத்தி, பிள்ளைகளை வளர்த்து, எங்கள் மகளைப் பெண் பார்க்க ஆட்கள் வரும் நாளும் வந்தது. பட்டும் பழத்தட்டுமாக அவர்கள் காரை விட்டு இறங்கினார்கள். என் கணவர் வாசலுக்குப் போய்க் கைகூப்பி வரவேற்று, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்:

"வாங்க. பயப்படாதீங்க, எங்க பொண்ணு வீட்டுக்குள்ளதான் இருக்கு."

அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. முழுக் கதையையும் அவர் சொல்லி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிட்டது. இப்போது அந்தச் சம்பந்தி வீட்டாரே ஊரெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்லும்போது கரடி என் மடியில் உட்கார்ந்திருக்கிறது. நான் திருத்துவதை விட்டுவிட்டேன்.