பன்னி மிஷினுக்கு ஓர் எண்ணெய்க் குளியல்

ஒரு புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தவன் ஆபத்தானவன். அதைப் படித்துவிட்டு ஊருக்கே விளக்கம் சொன்னவன் அவனைவிட ஆபத்தானவன். நான் இரண்டாவது ரகம். இதை ஒப்புக்கொள்ள எனக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. (என் மனைவி பேச்சியம்மாள் முதல் வாரத்திலேயே ஒப்புக்கொண்டுவிட்டாள்.)

எழுபதுகளின் நடுவில், சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட். கற்பூர மரங்களை (யூகலிப்டஸைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம்) வெட்டிய ஒரு மேட்டில் புதுத் தேயிலை நட வேண்டியிருந்தது. மரம் லாரி ஏறிவிட்டது, அடிக்கட்டை மட்டும் போகமாட்டேன் என்றது. அது மண்ணுக்குள் கிடந்து அழுகினால் வேர் நோய் தேயிலைக்குத் தொற்றும். எட்டு ஆட்கள் கடப்பாரையோடு ஒரு கட்டையை மூன்று நாள் நோண்டினார்கள். கட்டை அசையவில்லை, எட்டுப் பேரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதன்பிறகுதான் துரை சீமையிலிருந்து ஒரு மிஷினை வரவழைத்தார். (துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை, நம் நாட்டு மானேஜர்தான். வெள்ளைக்காரர்கள் பெட்டி கட்டியபோது அந்தப் பட்டத்தை மட்டும் பங்களாவிலேயே விட்டுப் போய்விட்டார்கள்.)

இரண்டு ரப்பர் சக்கரம், பின்னால் பிடித்துத் தள்ள ஒரு கைப்பிடி, நடுவில் பெட்ரோல் இன்ஜின், முன்னால் பற்கள் பதித்த ஓர் இரும்புச் சக்கரம். இன்ஜினிலிருந்து ஒரு பெல்ட் போய் அந்தப் பல் சக்கரத்தைச் சுற்றும். சக்கரத்தைக் கட்டைமேல் இறக்கி இடமும் வலமுமாக ஆட்டினால் கட்டை தூளாகிவிடும். காட்டுப்பன்றி கிழங்கு தோண்டுகிற மாதிரி மண்ணைக் கிளறும் என்று கேள்விப்பட்டதுமே லயத்து வரிசை வீடுகளில் இருந்த எங்கள் கூலி ஜனங்கள் அதற்குப் பன்னி மிஷின் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கூடவே வந்த இங்கிலீஷ் புத்தகத்தை யார் படிப்பது என்ற கேள்வி வந்தது. எங்கள் லயத்தில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவன் நான் ஒருவன். துரை என்னைக் கூப்பிட்டார்.

"ஆயுத பூஜைக்கு மறுநாள் எல்லார் முன்னாடியும் ஓட்டிக் காட்டணும். சரியா ஓட்டினா உன் பேரைப் பதிஞ்சிடறேன். இல்லேன்னா கோயமுத்தூர்லேருந்து ஆள் வரும்."

பேர் பதிவு என்றால் நிரந்தர வேலை. அது எனக்கு வெறும் வேலை விஷயம் இல்லை. அப்பாவுக்குக் கார்த்திகையோடு வேலை வயசு முடிகிறது. குடும்பத்தில் பேர் பதிந்த ஆள் அவர் ஒருவர்தான். நானும் பேச்சியும் தினக்கூலி. பதிந்த ஆள் இல்லாத குடும்பம் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். காலி செய்து எங்கே போவது? தென்காசிப் பக்கம் எங்களுக்கு ஒரு குலசாமி உண்டு, வீடு கிடையாது.

அப்பா இரண்டே வார்த்தைதான் சொன்னார். "சொதப்பிறாத ராசா."

நான் சொதப்புவேனா? ஒரு மாதம் அந்தப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தேன். சாயங்காலமானால் லயத்து வாசலில் நின்று வகுப்பு எடுத்தேன். கட்டையைச் சுற்றி இருக்கிற கல், கம்பி எல்லாவற்றையும் பொறுக்கு. முப்பது அடிக்குள் ஆள் நிற்கவிடாதே. கண்ணாடி போடு. தொங்குகிற துணி உடம்பில் இருக்கக் கூடாது. பல்லையும் பெல்ட்டையும் தினமும் பார். எல்லாவற்றுக்கும் மேலாக, மிஷினின் முன்பக்கம் கை வைப்பதற்கு முன் இன்ஜினை நிறுத்து, சக்கரம் நிற்கிறவரை பொறு, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்று. இந்தக் கடைசி விதியைச் சொல்லும்போது ஆள்காட்டி விரலைத் தூக்கி மூன்று முறை ஆட்டுவேன். பேச்சி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாள். அவள் கவனிக்கிறாள் என்று நான் நினைக்கவே இல்லை.

ஆயுத பூஜை வந்தது. எஸ்டேட்டில் அன்று கத்தி, கவாத்து அரிவாள், லாரி, ஃபேக்டரி மிஷின் எல்லாவற்றுக்கும் எண்ணெய் பூசி, பொட்டு வைத்து, மாலை போட்டுப் படைப்போம். என் மிஷின் மட்டும் இளைத்ததா? துணியை நல்லெண்ணெயில் நனைத்து நனைத்து ஒரு போத்தலையே காலி செய்தேன். கைப்பிடிக்கு எண்ணெய், தகட்டுக்கு எண்ணெய், பல்லுக்கு எண்ணெய். பெல்ட் வறண்டு கிடக்கிறதே, பாவம் என்று மூடியைக் கழற்றி அதற்கும் இரண்டு பக்கமும் அழுத்தித் தேய்த்தேன். அப்புறம் சந்தனம், குங்குமம், இரண்டு முழம் நீளத்துக்குச் செவ்வந்தி மாலை.

"ஏங்க, பெல்ட்டுக்கும் எண்ணெய் வைக்கச் சொல்லியா புத்தகத்துல போட்டிருக்கு?" என்று பேச்சி கேட்டாள்.

"வைக்கக் கூடாதுன்னு போடலையே."

(போட்டிருந்தது. முப்பத்திரண்டாம் பக்கம். அந்தப் பக்கமும் முப்பத்து மூன்றாம் பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கண்டுபிடித்தேன்.)

பூஜையில் வைத்த கருவியை மறுநாள் வரை தொடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். பல் போல்ட்டுகளை முடுக்க வேண்டும் என்று ஞாபகம் வந்தபோது சாம்பிராணி போட்டு முடித்திருந்தார்கள். சாமி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். சாமிக்கு ஸ்பானர் பிடிக்கிற வேலையையும் கொடுத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் காலை. மேட்டில் கயிறு கட்டி, கயிற்றுக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டே திரண்டு நின்றது. முன்வரிசையில் துரை, அவருக்குப் பக்கத்தில் ஃபேக்டரியின் மலையாள ஃபிட்டர் வர்க்கி சேட்டன். கயிற்றைத் தாண்டி யாரும் வராமல் பார்க்கச் சிவப்புக் கொடியோடு பேச்சியை நிறுத்தியிருந்தார்கள். நான் மாப்பிள்ளை மாதிரி வந்தேன். கழுத்தில் மாமனார் சீதனமாகக் கொடுத்த சிவப்புக் கம்பளி மஃப்ளர், இரண்டு முனையும் முழங்கால் வரை தொங்கியது.

பேச்சி கிட்டே வந்து, "அதைக் கழட்டி எங்கிட்ட குடுங்க. மாலையையும் எடுத்துருங்க" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"சாமிக்குப் போட்ட மாலையை வேலை தொடங்கு முன்னாடி எடுப்பாகளா? நீ கொடியைப் பிடி."

"தொங்குற துணி கூடாதுன்னு யாரு சொன்னது?"

"அது மத்தவங்களுக்கு" என்றேன். இந்த வாக்கியத்தைப் பேச்சி வாயால் எத்தனையோ தடவை திரும்பக் கேட்டுவிட்டேன்.

இன்ஜினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தேன். இன்ஜின் முதல் இழுப்பிலேயே கிளம்பியது. ஜனங்கள் குலவை போட்டார்கள். பல் சக்கரத்தை ஓடவிடுகிற லிவரைத் தள்ளினேன். இன்ஜின் கத்துகிறது, சக்கரம் அசையவில்லை. இன்னும் தள்ளினேன். பெல்ட் எண்ணெயில் வழுக்கிச் சுற்றிச் சுற்றிக் காய்ந்து, மூடிக்கு அடியிலிருந்து புகை கிளம்பியது. மேட்டில் நல்லெண்ணெய் காய்கிற வாசம் பரவியது.

"எடோ, இது எந்தா மணம்?" என்றார் வர்க்கி சேட்டன்.

"யாரோ முறுக்கு சுடுறாக" என்றது கூட்டத்தில் ஒரு குரல். சிரிப்பு ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை போயிற்று. துரை சிரிக்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டத்தில் அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கீழே பார்த்தார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. கோயமுத்தூர் ஆள் பஸ் ஏறி வருவதும் நாங்கள் சட்டி பானையோடு பஸ் ஏறிப் போவதும் கண்ணில் ஓடியது.

அப்போதுதான் நான் அதைச் செய்தேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, லிவர் தள்ளியபடியே இருக்கிறது, நான் சுற்றிப் போய் முன்பக்கம் குனிந்து சக்கரத்தை உற்றுப் பார்த்தேன். மூன்று முறை விரலாட்டிச் சொன்ன அதே விதியை மூன்றே அடி நடந்து மீறினேன்.

பெல்ட்டில் இருந்த எண்ணெய் அந்த நேரம் பார்த்துத் தீய்ந்து, பிடிமானம் கிடைத்துவிட்டது. சக்கரம் திடுமென்று சுழன்றது. முதலில் மாலையை இழுத்தது. அப்புறம் என் மஃப்ளரின் ஒரு முனையை இழுத்தது. கழுத்தில் ஒரே ஒரு சுற்றுதான் போட்டிருந்தேன், அதனால்தான் இன்று இதை எழுதுகிறேன். மஃப்ளர் சர்ரென்று உருவிக்கொண்டு போன வேகத்தில் நான் ஒரு சுற்றுச் சுற்றிச் சேற்றில் மல்லாந்தேன். சக்கரம் எனக்கு ஒரு முழம் தள்ளி உறுமிக்கொண்டிருந்தது.

டக்.

சத்தம் நின்றது. நிமிர்ந்து பார்த்தால், மிஷினின் கைப்பிடிப் பக்கம் பேச்சி, ஒரு கையில் சிவப்புக் கொடி, இன்னொரு கைக் கட்டைவிரல் இன்ஜினை நிறுத்தும் ஸ்விட்சின் மேல். முப்பது அடியை எப்படிக் கடந்தாள் என்று அவளுக்கும் தெரியாது.

சக்கரம் மெல்ல நின்றது. துரையின் தொப்பியிலும் கண்ணாடியிலும் செவ்வந்தி இதழ்கள். தோளில் சிவப்புக் கம்பளி நூல் சால்வை போட்டது போலக் கிடந்தது. எஸ்டேட்டில் அவருக்கு அதுவரை யாரும் அப்படி ஒரு மரியாதை செய்ததில்லை.

"அடி பட்டிருச்சா?" என்றாள் பேச்சி. குரல் நடுங்கியது. இல்லை என்று தலையாட்டினேன். அதற்குப்பிறகு அந்த நடுக்கம் இல்லை. "அப்ப எந்திரிச்சுப் பிளக் வயரைக் கழட்டுங்க. நீங்க சொன்னதுதானே."

துரை தொப்பியை உதறிக்கொண்டு, "போதும். மிஷினை ஷெட்ல விடுங்க" என்றார்.

பேச்சிதான் முன்னால் போய் நின்றாள். துரைக்கு முன்னால் கூலிப்பெண்கள் நிமிர்ந்து பேசுகிற காலம் இல்லை அது.

"ஐயா, மிஷின் நல்லாத்தான் இருக்கு. எண்ணெய் வச்சுப் போட்டாரு, அம்புட்டுத்தான். எண்ணெய் தேச்சா சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டணும்ல? ஒரு மணி நேரம் குடுங்க."

துரை வர்க்கி சேட்டனைப் பார்த்தார். அவர் பெல்ட்டைத் தொட்டு முகர்ந்து, "பெல்ட் சீத்தையாயிட்டில்லா. எண்ணெய் போயா மதி" என்றார். பெல்ட் கெடவில்லை, எண்ணெய் போனால் போதும் என்று அர்த்தம். துரை மறுபடி கடிகாரத்தைப் பார்த்து, சரி என்றார்.

அப்புறம் நடந்ததுதான் அந்த வருஷத்து ஆயுத பூஜை. பேச்சி லயத்துக்கு ஓடி வெந்நீரும் சீயக்காய்த் தூளும் கொண்டு வந்தாள். வயர் கழற்றிய மிஷினிலிருந்து நான் பெல்ட்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைக் கல்லில் வைத்துத் தேய்த்துக் கசக்கிப் பிழிந்தாள். நான்கு பெண்கள் தண்ணீர் ஊற்றினார்கள். ஒருத்தி, "கண்ணு எரியப் போகுது, பாத்துத் தேயி" என்றாள். வர்க்கி சேட்டன் உருளைகளில் இருந்த எண்ணெயைப் பெட்ரோல் துணியால் துடைத்தார். பெல்ட்டை ஃபேக்டரிக்குக் கொண்டுபோய் இலை உலர்த்தும் அறையில் தொங்கவிட்டுக் காயவைத்தோம். அதற்குள் நான் சக்கரத்தில் சிக்கிய கம்பளி நூலைப் பிய்த்து எடுத்து, பற்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தேன். இரண்டு பல் ஆடியது. அது கழன்று பறந்திருந்தால் கயிற்றுக்கு அந்தப் பக்கம் யாருடைய தலை இருந்திருக்கும்? ஸ்பானர் போட்டு முடுக்கினேன். இந்த முறை சாமியை நம்பவில்லை.

மஃப்ளர் இல்லை, மாலை இல்லை. சட்டையை உள்ளே செருகி, கண்ணாடி போட்டு, கைப்பிடியைப் பிடித்தேன். பேச்சி கயிற்றருகே கொடியைத் தூக்கினாள். இன்ஜின் கயிற்றை இழுத்து, லிவரை மெதுவாகத் தள்ளினேன். சக்கரம் சுழன்றது. கட்டையின் விளிம்பில் ஓர் அங்குலம் இறக்கி, இடமிருந்து வலம் ஆட்டினேன்.

கற்பூர மரத்தின் வாசம் மேடெங்கும் எழுந்தது. தூள் பொன்னிறமாகப் பொங்கிக் கால்மேல் விழுந்தது. எட்டுப் பேரின் இடுப்பை ஒடித்த கட்டை அரை மணி நேரத்தில் தரைக்குக் கீழே போய்விட்டது. நிறுத்தச் சொல்லிப் பேச்சி கொடி காட்டும்வரை நான் அடுத்த கட்டை, அதற்கடுத்த கட்டை என்று போய்க்கொண்டே இருந்தேன். மத்தியானத்துக்குள் ஐந்து கட்டை. குலவைச் சத்தம் இன்ஜினை மீறிக் கேட்டது. அப்பா துண்டைத் தலையிலிருந்து எடுத்துச் சுழற்றினார். எனக்கு அழுகை வந்தது, கண்ணாடி போட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

துரை பெரிய கிளார்க்கைக் கூப்பிட்டார். "இந்த மிஷினுக்கு ஒரு ஆள் போதாது. ஓட்ட இவன். இவனை நிறுத்த அந்தப் பொண்ணு. ரெண்டு பேரையும் பதிஞ்சுடு."

வீடு எங்களுக்கே நின்றது. ஒரு பேர் கேட்டுப் போன வீட்டுக்கு இரண்டு பேர் கிடைத்தது. அப்பா பணி முடித்து, அதே லயத்து வாசலில் பன்னிரண்டு வருஷம் டீ குடித்தார்.

இன்றும் எங்கள் வீட்டு ஆயுத பூஜையில் பொரி, கடலைக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் சீயக்காய் இருக்கும். போன வருஷம் பேரன் லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தபோது, "தாத்தா கையில எண்ணெய் இல்லேன்னு பாத்துக்கிட்டு வைடா" என்றாள் பேச்சி. நானும் விடுவதாக இல்லை. வந்திருந்த சம்பந்தி வீட்டாருக்கு, சேற்றில் விழுந்ததை மட்டும் தாண்டிக் குதித்துவிட்டு, ஐந்து கட்டையை ஒற்றை ஆளாக நான் அரைத்துத் தள்ளிய வீரக்கதையைத் தொடங்கினேன்.

பேச்சி அடுப்படியிலிருந்து வந்தாள். கட்டைவிரலை என் நெஞ்சில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள்.

டக். நான் நின்றுவிட்டேன்.