கை படாத காபி

கம்பெனியில் ஒரு லைனையே நிறுத்துகிற அதிகாரம் எனக்கு உண்டு. நான் கையைத் தூக்கினால் முப்பது பேர் வேலையை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட நான், என் வீட்டுச் சமையலறையில் ஒரு காபி மெஷினை நிறுத்தத் தெரியாமல் அழுதேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். (என் வீட்டுக்காரர் வாயால் கேட்டால் இரண்டு பொய் கூடுதலாக இருக்கும்.)

எனக்குக் கோவில்பட்டிப் பக்கம். ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். கணவர் முகுந்தன் அதே கம்பெனியில் ஸ்டோர்ஸ். அவர் வீடு ஸ்ரீபெரும்புதூரில், கோயில் கைங்கர்யம் செய்கிற குடும்பம். என் வீடு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கறி எடுக்கிற குடும்பம். இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. பதிவு அலுவலகத்தில் நடந்த கல்யாணத்துக்கு மாமியார் வரவில்லை. அதன் பிறகு மூன்று வருடம், படப்பையில் எங்கள் ஃபிளாட்டுக்கும் வரவில்லை. முகுந்தன்தான் வாரம் ஒரு தடவை போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவார்.

மாமியார் என்னைத் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். திட்டுகிறவர்களுக்கு நாம் ஒருத்தி இருப்பதாவது தெரியும். அவரோ என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. தெருவில் யாராவது விசாரித்தால், "பிள்ளை படப்பையில இருக்கான்" என்று முடித்துக்கொள்வாராம். அந்தப் பிள்ளை தானே பொங்கித் தின்றுகொண்டு தனியாக இருப்பதுபோல.

இந்த நிலைமையில்தான் ஒரு புதன்கிழமை முகுந்தன் செய்தி கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்குப் போய்விட்டு அம்மா வருகிறார். சாப்பாடு எல்லாம் வேண்டாம், ஒரு வாய் காபி மட்டும்.

வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர் அவர். நான் போட்ட காபியை எப்படிக் குடிப்பார்? டம்ளரை நீட்டி, அவர் வேண்டாமென்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. இப்படி இன்னொரு செய்தி வரவே வராது. காபி நன்றாக இருக்குமா என்ற கவலையே எனக்கு இல்லை. என் கையைப் பற்றித்தான் யோசித்தேன்.

அன்று மாலையே தாம்பரத்தில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். மூன்று வகை மெஷின் காட்டினார்கள். ஒன்றில் தூளைக் கையால் அழுத்தி, கைப்பிடியை மாட்ட வேண்டும். அடுத்ததில் சின்னச் சின்னக் குப்பிகளில் அடைத்த காபித்தூளை வாங்கிப் போட வேண்டும். மூன்றாவது, முழு ஆட்டோமேட்டிக். மேலே வறுத்த கொட்டையைக் கொட்டினால் அதுவே அரைத்து, அதுவே வடித்து, பாலையும் குழாயால் உறிஞ்சிச் சுடவைத்து, நுரையோடு இறக்கும். எதை எடுப்பது என்று நான் முழித்துக்கொண்டு நின்றபோது கடைப் பையன் ஒரு வார்த்தை சொன்னான்.

"பட்டன அமுக்கினு நின்னா போதும் மேடம். உங்க கையே படாது."

அந்த ஒரு வார்த்தைக்காக வாங்கினேன். முகுந்தனிடம் ஸ்டைலாக இருக்கும் என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை சாயங்காலம் டிரையல் எடுத்தேன். கம்பெனியில் புதுப் பாகம் வந்தால் முதல் பீஸை அளந்து, ஓகே சொன்ன பிறகுதான் லைனை ஓடவிடுவோம். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்தது. முதல் கப்பில் சூடு பத்தவில்லை, ரிஜெக்ட். இரண்டாவதில் நுரை குறைவு, ரிஜெக்ட். மூன்றாவது, நான்காவது என்று போய்க்கொண்டே இருந்தது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். ரிஜெக்ட் ஆனதையெல்லாம் முகுந்தன் குடித்தார். பதினோராவது கப் ஓகே ஆனபோது அவர் சோபாவில் கண்ணை அகலத் திறந்தபடி, நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். செட்டிங்கை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மெஷினைத் திறந்தால் கொட்டை இல்லை. பதினொரு கப்பில் மொத்தப் பையும் தீர்ந்திருந்தது.

முகுந்தனைக் கடைக்கு விரட்டினேன். படப்பை மெயின் ரோட்டில் அந்த நேரத்தில் இட்லி மாவு கிடைக்கும், பூ கிடைக்கும், வறுத்த காபிக் கொட்டை எங்கே கிடைக்கும்? முக்கால் மணி நேரம் அலைந்துவிட்டுச் சிக்கரி கலந்த காபித்தூள் ஒரு பாக்கெட்டோடு வந்து நின்றார்.

"கொட்டை எங்கேயும் கிடைக்கலை செல்வி. தூள்தான்."

"பொடியாவே இருக்குல்லா. அதுக்கு அரைக்கிற வேலை மிச்சம்" என்று சொல்லி, கொட்டை போடுகிற இடத்தில் பாக்கெட்டைக் கவிழ்த்தேன்.

தப்பான மெட்டீரியலை ஸ்டோர்ஸ் அனுப்ப, குவாலிட்டி அதைப் பாஸ் செய்தது. இதே தப்புக்காகக் கம்பெனியில் ஒரு சப்ளையரை நான் மணிக்கணக்காக நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன்.

எட்டரை மணிக்கு மாமியார் வந்தார். மடிப்புடவை, நெற்றியில் ஸ்ரீசூர்ணக் கீற்று, கையில் துளசிப் பொட்டலம். கீழே ஆட்டோவை நிறுத்திவைத்திருந்தார். உட்கார வரவில்லை என்று அர்த்தம். நாற்காலி நுனியில் உட்கார்ந்து சுவரையும் ஜன்னலையும் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அத்தை என்று கூப்பிடுவதா, அம்மா என்று கூப்பிடுவதா எனத் தெரியாமல், நான் "வாங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினேன்.

வெள்ளி டம்ளரை வைத்துப் பட்டனை அமுக்கினேன். மெஷின் உறுமியது, அப்புறம் முனகியது. டம்ளரில் ஒரு சொட்டு விழுந்தது. நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருக்க, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்டு. சிக்கரி தண்ணீர் பட்டதும் பசையாகி உள்ளே அடைத்துக்கொண்டது என்பது எனக்கு அப்போது தெரியாது. மறுபடி அமுக்கினேன். சிவப்பு விளக்கு மினுக்கியது. கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

"ஆச்சா?" என்று முகுந்தன் ஹாலிலிருந்து கேட்டார். குரலிலேயே பயம் தெரிந்தது.

பக்கவாட்டுக் கதவைத் திறந்து, வடிக்கிற பாகத்தை வெளியே இழுத்தேன். கறுப்புக் களி கொத்தாக வந்து மேடையில் விழுந்தது. கழுவி மாட்டினேன். மறுபடியும் உறுமல், முனகல், சிவப்பு விளக்கு. கம்பெனியில் எந்த மெஷினாக இருந்தாலும் காளான் மாதிரி ஒரு சிவப்புப் பட்டன் இருக்கும். தட்டினால் எல்லாம் அப்படியே நின்றுவிடும். இதில் அது இல்லை. அழுக்குத் தண்ணீர் சேருகிற தட்டை ஒரு கையில் உருவிக்கொண்டு, இன்னொரு கையால் ஆஃப் பட்டனை அமுக்கினேன்.

ஆஃப் செய்தால் இந்த மெஷின் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும். (புத்தகத்தில் போட்டிருந்ததாம். மறுநாள் படித்தேன்.) தட்டு என் கையில் இருந்தது. கொதிக்கிற பழுப்புத் தண்ணீர் மேடை முழுக்கப் பரவி, விளிம்பிலிருந்து கொட்டித் தரையில் ஓடியது. நான் ஆஃப் பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கினேன். அது திரும்பத் திரும்பக் கழுவியது. தண்ணீர் ஓடுகிற திசையில் கண்ணை ஓட்டினால், வாசலில் இரண்டு பாதங்கள். மடிப்புடவையின் கரை நனைந்துகொண்டிருந்தது.

மாமியார் மெஷினைப் பார்த்தார். சுவரில் ஒட்டியிருந்த தாளைப் படித்தார். களி பூசிய என் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"ஒரு காபிக்கு எதுக்கு இத்தனை பெரிய மெஷின்?"

மூன்று வருடத்தில் அவர் என்னிடம் நேரடியாகக் கேட்ட முதல் கேள்வி. நல்ல பொய் ஒன்று சொல்லியிருக்கலாம். அழுகைதான் வந்தது, கூடவே உண்மையும் வந்துவிட்டது.

"உங்களுக்காகத்தான் வாங்குனேன். என் கை படாம இருந்தா குடிப்பீங்கன்னு நெனச்சேன்."

அவர் பின்னால் நின்ற முகுந்தனின் முகம் செத்துப்போனது. ஹாரன்கூட நின்றுவிட்டது. சே, அப்படியொன்றுமில்லை என்று மாமியார் மறுப்பார் என எதிர்பார்த்தேன். அவர் மறுக்கவில்லை. அது எனக்கு வலித்தது, இன்றைக்கு நினைத்தாலும் கொஞ்சம் வலிக்கிறது. ஆனால் திரும்பிப் போகவும் இல்லை. மெஷின் கடைசியாக ஒரு தடவை துப்பி ஓயும்வரை நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கை படாம பண்ணிப் பாத்தாச்சு. வந்துதோ காபி?"

இல்லையென்று தலையை ஆட்டினேன்.

"கையை அலம்பிண்டு பாலை வை. முகுந்தா, ஆட்டோவை அனுப்பிடு."

எங்கள் வீட்டில் ஃபில்டர் கிடையாது. நாங்கள் டீ குடிக்கிறவர்கள். பாக்கெட்டில் ஒட்டியிருந்த மிச்சத் தூளைத் தட்டி, தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, டீ வடிகட்டியிலேயே வடித்து, பாலைக் கலந்தேன். அடியில் வண்டல் நிற்க, கலங்கலாக ஒரு திரவம் வந்தது. டிரையலில் வந்திருந்தால் நானே ரிஜெக்ட் செய்திருப்பேன். மாமியார் டம்ளரை என் கையிலிருந்தே வாங்கினார். அண்ணாந்து, உதடு படாமல், நிறுத்தி நிறுத்திக் குடித்தார். கடைசிச் சொட்டு இறங்கும்வரை நான் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இதைக் காபின்னு வெளியில சொல்லிடாதே" என்று சொல்லி டம்ளரைக் கீழே வைத்தார்.

"சரிங்க அத்தை" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

அந்த மெஷின், கம்பெனியில் ரிஜெக்ட் ஆன பாகத்துக்கு ஒட்டுகிற மாதிரி ஒரு சிவப்புச் சீட்டோடு இன்னும் அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் மிக்ஸி மக்கர் செய்தாலும் சரி, போனில் வரச்சொன்ன ஆட்டோ வராவிட்டாலும் சரி, "கை படாம பண்ணிப் பாத்தாச்சா?" என்று முகுந்தன் கேட்காமல் விடமாட்டார். அத்தை மாதம் ஒரு ஞாயிறு வருகிறார். ஒவ்வொரு தடவையும் என் காபியைக் குறை சொல்லிவிட்டுத்தான் குடிக்கிறார்.

போன மாதம் நாங்கள் ஸ்ரீபெரும்புதூர் போயிருந்தோம். நான் உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்க, வாசலில் அத்தை பக்கத்து வீட்டு மாமியிடம் பேசிக்கொண்டிருந்தார். குழாய்ச் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

"எங்காத்து மாட்டுப்பொண் பெரிய ஃபாக்டரில குவாலிட்டி பாக்கறா. என்ன பிரயோஜனம், ஒரு காபி போடத் தெரியலை அவளுக்கு…"

மிச்சத்தையும் நன்றாகக் கேட்கலாம் என்று குழாயை மூடினேன்.