கொல்லன் மேட்டில் ஏறிய ஓர் எழுத்து

அன்புத் தங்கை கிர்ஸ்டிக்கு, தீவிலிருந்து அண்ணன் டோர்கில் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் பதினேழு செம்மறிகளும் கர்த்தர் கிருபையால் சுகம். கிளாஸ்கோவில் நீயும் உன் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டுகிறோம்.

முதலில் நல்ல செய்தி: மானம் தப்பியது. நாம் கொல்லர் வம்சம்தான். நீ பதறுவாய் என்றுதான் இரண்டு வாரமாக எழுதவில்லை. நடந்தது என்னவென்றால், சாலைக்காரர்கள் வந்து, நம் வம்சத்துக்கே அத்தாட்சியான மேட்டுக்குப் புதுப் பெயர்ப்பலகை நட்டார்கள், அதில் நம் கேலிக் பாஷையில் கொல்லன் என்கிற 'கோவ' இருக்க வேண்டிய இடத்தில் கடைசியில் ஒரு 'ர்' சேர்த்து 'கோவர்' என்று எழுதி, கீழே இங்கிலீஷில் 'வெள்ளாட்டு மேடு' என்று அர்த்தமும் போட்டுவிட்டார்கள், அதுவும் எப்போது, அப்பாவின் கல்லறைக் கல்லில் சுத்தியலும் இரும்படிக்கிற பட்டடையும் செதுக்கி, 'கொல்லர் வழி வந்தவர்' என்று பொறித்து நாம் நட்ட மறு வாரம். பக்கத்து வீட்டு லாக்லன் சும்மா இருப்பானா? ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட்டாலே பாவம் என்கிற மனுஷன், சர்ச் வாசலிலேயே என்னைப் பார்த்து "மே"ன்னான். "என்ன டோர்கிலு, உங்கப்பா கல்லுல தாடியக் காணோமே?"ன்னு வேற கேட்டான். உன் அண்ணியோ, "அவர் சொல்றதும் நியாயந்தான், உங்க வீட்டு ஆளுங்க தாடி அப்படித்தானே இருக்கு"ங்கறா. ரெண்டு நாள் எனக்கு மீனும் உருளைக்கிழங்கும் தொண்டையில எறங்கல. அப்பாவ நெனச்சு அழுதேன்.

போன செவ்வாய்க்கிழமை கப்பல்ல, ஊர்ப்பெயர் ஆராயுற மார்சலி அம்மா எடின்பரோவிலிருந்து வந்தாங்க. பலகையையும் நம்பமாட்டேன், வரைபடத்தையும் நம்பமாட்டேன், ஊர்க்காரங்க வாயைத்தான் நம்புவேன்னுட்டாங்க. கேட்டது யார்கிட்ட? லாக்லன்கிட்ட. தொலைஞ்சோம்னு நெனச்சேன். "மாட்ட ஓட்டிட்டு வரச் சொல்லி உங்கப்பா இந்த மேட்டுப் பேர எப்படிக் கத்துவாரு? அப்படியே கத்துங்க"ன்னாங்க. அவன் நெஞ்ச நிமித்திக்கிட்டுத் தீவே கேக்குற மாதிரி கத்தினான் பாரு, 'ர்' மருந்துக்குக்கூட இல்ல. கொல்லன் மேடுதான், பலகையை மாத்தணும்னு அந்த அம்மா அப்பவே எழுதிக்கிட்டாங்க. அப்பாடான்னு இருந்துச்சு. அந்தச் சந்தோஷத்துல லாக்லனுக்கே விஸ்கி ஊத்திக் கொடுத்தேன். என்னமோ அவன் வீட்டு விசேஷம் மாதிரி சிரிச்சுக்கிட்டே குடிச்சான்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லவும். கர்த்தர் உன் முழங்காலைக் காப்பாராக.

இப்படிக்கு,
கொல்லர் வம்சத்து மூத்தவன்,
டோர்கில்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் மார்சலி அம்மாவின் கடிதம் வந்தது. பழைய சர்ச் பதிவேட்டில் எல்லாம் தெளிவாக இருக்கிறதாம். மேட்டில் இருந்த கொல்லர் லாக்லனுடைய முப்பாட்டனார். நம் முப்பாட்டனார் அவருடைய வெள்ளாடுகளை மேய்த்தவர். பலகையில அந்த 'ர்' இருந்துட்டுப் போகட்டும்னு சாலைக்காரங்களுக்கு எழுதிட்டேன். கல் செதுக்குறவர்கிட்டயும் பேசிட்டேன். பட்டடையோட கூர்மூக்கு ஏற்கெனவே ஒரு கொம்பு மாதிரிதான் இருக்கு, இன்னொரு கொம்பும் நாலு காலும் வச்சாப் போதுமாம். தாடிக்கு மட்டும் உன் சம்மதம் வேணும்.