விடாத கிளட்ச்

தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லிக்கொள்ளக் கையில் ஒரு ஸ்பானர் இருந்தால் போதும். கல்யாணத்துக்கு முன் என்னிடம் இரண்டு இருந்தன.

உலகச் சண்டை முடிந்ததும் மாமா பட்டாளத்து ஏலத்தில் ஒரு கார் எடுத்திருந்தார். அதன் கிளட்ச் எண்ணெயில் வேலை செய்வது. எண்ணெய் வற்றிக் கிடக்கிறதே என்று நான் விளக்கெண்ணெய் ஊற்றி வைத்தேன். (தென்காசியில் வேறு எதைத் தேட?) மறுநாள் அந்தக் காரில்தான் மேலகரத்துக்குப் பெண் பார்க்கப் போனோம்.

வழியிலேயே கிளட்ச் மக்கர் செய்தது. அடிவரை மிதித்தாலும் முழுசாக விடவில்லை. கியர் மாற்றினால் தகரத்தை அரைக்கிற சத்தம். பெண் வீட்டு வாசலில் நான் கிளட்சை மிதித்தபடி இருக்க, கார் பாட்டுக்கு ஊர்ந்துபோய் அவர்கள் வைக்கோல் போரில் முட்டி நின்றது.

பெண்ணின் அப்பா காரைச் சுற்றிவந்து பார்த்தார். "குத்தாலத்துல சாரல் நல்லா அடிக்கி தம்பி. இந்தக் கார்லயே என்னய அருவிக்குக் கூட்டிட்டுப் போங்க. சம்மந்தப் பேச்ச பொறவு பாப்போம்."

அதற்குள் ஜன்னலில் செண்பகத்தைப் பார்த்துத் தொலைத்திருந்தேன். இனி கார் ஓடியே ஆகவேண்டும்.

எண்ணெய் வற்றியபோது குழாயில் காற்று புகுந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. அவளுடைய அண்ணன் முத்தையா என்னோடு படித்தவன். அவனைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டுக் காருக்கு அடியில் நுழைந்தேன். அவன் மிதித்துப் பிடிக்க, நான் குழாயின் திருகைத் தளர்த்தினால் எண்ணெயோடு காற்றும் குமிழ் குமிழாக வரும். திருகை மூடி நான் "விடு" என்ற பிறகே அவன் காலை எடுக்கவேண்டும். அவனோ முன்னாலேயே எடுப்பான். போன காற்று திரும்ப உள்ளே போகும்.

"ஏலே, விடாதலே! காலையில சோறு திங்கலயா நீ?"

கார் ஒருதரம் குலுங்கியது. அதன்பின் பெடல் சொன்னபடி கேட்டது. குமிழ் நின்று, வெறும் எண்ணெய் என் மூக்கில் கொட்டியது.

"இப்பந்தாம்லே ஆம்பள மாதிரி மிதிச்சிருக்க! கெட்டியாப் பிடி, விட்டுராத!" என்று கத்தி, திருகை மூடிவிட்டு வெளியே ஊர்ந்து வந்தேன்.

முத்தையா வாசலில் நின்று மோர் குடித்துக்கொண்டிருந்தான். கால் மரத்துப்போய் எப்போதோ இறங்கிவிட்டானாம். காருக்குள் பட்டுப்புடவையும் தலை நிறையப் பிச்சிப்பூவுமாக, பெடலை மிதித்து, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி செண்பகம் உட்கார்ந்திருந்தாள்.

மாமா தலையில் கைவைத்தார். முகமெல்லாம் விளக்கெண்ணெய் வழிய நான் எல்லோரையும் கும்பிட்டேன். (வேறு என்ன செய்ய?)

"பொண்ணு பாக்க வந்தீயளா, பொண்ணுகிட்ட வேல வாங்க வந்தீயளா?" என்றார் அவள் அப்பா. "ஏட்டி, எறங்கு!"

"இருங்கப்பா. அவிய இன்னும் விடுன்னு சொல்லலயே."

கடைசியில் அவள் அம்மா வந்துதான் கையைப் பிடித்து இறக்கினாள்.

கிளம்பியபோது கியர் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு விழுந்தது. குற்றாலம் போய்ச் சேரும்வரை அவள் அப்பா என் காலையும் பெடலையுமே பார்த்துக்கொண்டு வந்தார். அருவிக்குள் தலையைக் கொடுக்கும் முன்தான் திரும்பி, "ஆவணியில முகூர்த்தம் பாத்துருவோம்" என்றார்.

இன்றும் பிள்ளைகள் அவளிடம் கேட்பார்கள்: "இந்த மனுசங்கூட எப்படிம்மா காலந்தள்ளுத?"

"என்ன செய்யச் சொல்லுத? கெட்டியாப் பிடி, விட்டுராதன்னு அன்னைக்குச் சொன்னாவ. இன்னும் விடுன்னு சொல்லலயே" என்பாள்.

நானும் சொல்வதாக இல்லை.