கப்பல்காரர் புரட்டாத பக்கம்

உத்திரமேரூரில் காற்றையே வீட்டுக்குள் குடிவைத்திருந்த மனிதர் கப்பல்காரர் ஒருவர்தான். அவர் கப்பலில் கால் வைத்ததே இல்லை. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து, எடைக்குப் போட்ட கப்பல் லாக் என்னும் தினக்குறிப்புப் புத்தகங்களை வாங்கிக்கொண்டு என் பக்கத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நூறு வருஷத்துக்கு முன் எந்தத் தேதியில் எந்தத் திசையிலிருந்து காற்றடித்தது என்று அவற்றிலிருந்து கண்டுபிடித்து, வங்கக் கடல் படத்தில் அம்புக்குறி போடுவதுதான் வேலை. அந்த நாளைய காற்று தெரிந்தால் அந்த நாளைய மழையும் தெரியுமாம்.

வாய்விட்டுத்தான் படிப்பார். படிக்கும்போது வெளியே வேப்பிலை அசையாது. அவர் வேட்டி மட்டும் படபடக்கும். நான் நம்பாமல் அருகே தீக்குச்சி கிழித்துப் பார்த்தேன். மூன்று குச்சி, மூன்றும் அணைந்தன. எனக்கு ஜலதோஷம் பிடித்ததுதான் மிச்சம்.

ஒரு தை மாதம் காற்று அடியோடு நின்றுபோயிற்று. அவர் வீட்டை ஒட்டிய களத்தில் அடித்த நெல் தூற்றாமல் கிடந்தது. தூற்றினால்தான் கூலி நெல் அளப்பார்கள். மேற்கே மேகம் வேறு கறுத்தது. கூலிக்காரி கன்னியம்மா முறத்தோடு வந்து நின்றாள்.

"இன்னா சாமி, உன் வூட்ல மட்டும் காத்து கீதாமே? கொஞ்சம் அவுத்து வுடேன்."

"அது செத்துப்போன காத்தும்மா."

"செத்ததோ பொழச்சதோ, பதரு பறந்தா சரி. கொயந்தைங்க பட்டினி கீது."

நாற்காலியைக் களத்தில் போட்டு, ஒரு பக்கத்தைப் படித்தார்: "நண்பகல். வடகிழக்குக் காற்று, மிதம்." கடலே இல்லாத ஊரில் உப்பு வாடை வந்தது. பதர் பறந்தது. எங்கோ கயிறு முறுகும் சத்தம் கேட்டது. களத்தில் கயிறே இல்லை.

பக்கம் முடிந்தது, பாதிக் குவியல் மிச்சம். மேகம் உறுமியது. அவர் பக்கத்தைப் புரட்டவில்லை. மறுபடி முதல் வரியிலிருந்தே படித்தார். பிறகு மறுபடியும்.

"இன்னா சாமி, கப்பலு அங்கியே நின்னுக்கினு கீது?"

"நிக்கட்டும். அடுத்த பக்கம் புயல். அதுக்கப்புறம் எழுத்தே இல்லை."

"முழுகின கப்பலோட புத்தகம் எப்படி சார் கரைக்கு வந்தது?" என்றேன்.

"அதைக் கேட்காதீங்க."

தொண்டை கட்டிப்போகும்வரை படித்தார். கடைசி முறம் தூற்றிய பிறகுதான் முதல் துளி விழுந்தது. கன்னியம்மா அளந்து வாங்கிய நெல்லில் ஒரு பிடியை அவர் மடியில் கொட்டிவிட்டு ஓடினாள்.

அவர் போய் வெகுகாலமாயிற்று. அந்தப் புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. புழுக்கமான நாட்களில் அந்த ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படிக்கிறேன். என் வேட்டி அசைவதில்லை. ஆனாலும் புரட்டமாட்டேன், அவர் இப்போது அந்தக் கப்பலில்தான் இருக்கிறார் என்று எனக்கொரு நினைப்பு.